இரண்டு விரல் நகர்ந்தால் போதுமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று தமிழம்மா கேட்டபோது, "எதைப் பற்றி எழுத, அம்மா?" என்றேன். "உனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுது. 'மரம் வளர்ப்போம்' மட்டும் வேண்டாம். ஏற்கெனவே ஏழு வந்துவிட்டன" என்றார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் முதலில் தவறாகக் கற்று, பலர் முன்னிலையில் தலைகுனிந்து, பிறகு திருத்திக் கொண்டதால்தான் நன்றாகத் தெரியும். அது கிடாரில் 'ஆட் 9' என்று சொல்லப்படும் கார்டு.

ஒரு நாள் மாலை, "இந்தக் கார்டு இன்னைக்கும் ஒழுங்கா வரலையே" என்று நான் வீட்டில் முணுமுணுக்க, அடுக்களையிலிருந்து ஆச்சி பதறிக்கொண்டு வந்தார்கள். "என்னட்டி சொல்லுதே? ரேஷன் கார்டா? யாரு வரலைன்னு சொன்னா?" என்றார்கள். ஆகவே வாசகர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதே இசையில் கார்டு. கணக்குப் பாடத்தில் வட்டத்துக்குள் வரைகிறோமே நாண், அதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல், இதே எழுத்துகள்தான். (கணக்கு மிஸ் மன்னிக்க வேண்டும். அந்த நாணைவிட இந்த நாண் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது.)

நான் சொல்ல வந்தது இதுதான். நாம் கிடாரை விரலால் கற்கிறோம்; காதால் கற்பதில்லை. ஒரு தாளில் ஆறு கோடு போட்டு, எந்த இடத்தில் எந்த விரல் என்று புள்ளி வைத்துத் தந்தால் போதும், கார்டு தெரிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். இது தவறு என்பது என் கட்சி. எதிர்க்கட்சியில் என் உயிர்த்தோழியே இருக்கிறாள். அவள் வாதத்தையும் பிறகு சொல்கிறேன்.

என் கிடார் கப்பலில் வேலை பார்க்கும் மாமா கொண்டுவந்து கொடுத்தது. எங்கள் தூத்துக்குடியில் கப்பலுக்குப் போன மாமாவோ சித்தப்பாவோ இல்லாத தெரு குறைவு. அந்த வீடுகளில் ஒன்றிரண்டிலாவது கம்பி அறுந்த கிடார் ஒன்று சுவரில் தொங்கும். கம்பி அறுவதற்கு வாசிப்பு காரணமன்று, உப்புக் காற்றுதான் காரணம். இரும்புக் கம்பிகளை வாசித்து முடித்ததும் துணியால் துடைக்காமல் விட்டால் ஒரே மாதத்தில் செம்பழுப்பாகத் துரு ஏறிவிடும். அந்தத் துருவோடு விரலை இழுத்தால் எரியும் எரிச்சலை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும் என்பதால் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மருதாணி இட்ட அக்காமார் எல்லாரும் என் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். அது கிடக்கட்டும்.

கிடாரில் ஆறு கம்பிகள். கீழே இருக்கும் மெல்லிய கம்பியை முதல் கம்பி என்றும் மேலே இருக்கும் தடித்த கம்பியை ஆறாம் கம்பி என்றும் எண்ணுவார்கள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைக் கிடாரில் ஃப்ரெட் என்கிறார்கள். ஒரு ஃப்ரெட் தள்ளினால் அரை ஸ்வரம் ஏறும். தொடக்கத்தில் எல்லோரும் கற்பது ஜி, ஸி, டி என்னும் மூன்று கார்டுகள். இந்த மூன்றை வைத்துக்கொண்டு நம் கோவில் பாடல்களில் பெரும்பாலானவற்றை ஓட்டிவிடலாம். தொல்லை எங்கே என்றால், ஜியிலிருந்து ஸிக்குப் போகும்போது. ஜியில் நான்கு விரல்கள் நான்கு கம்பிகளில் உட்கார்ந்திருக்கும். ஸிக்குப் போக அத்தனையும் எழுந்து பறந்து, வேறு இடங்களில் வந்து அமர வேண்டும். காகக் கூட்டத்தில் கல்லெறிந்தது போல என் விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போகும். பாட்டு அதுவரை காத்திருக்குமா?

இப்படித் தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான் மேல்வகுப்பு அக்கா ஒருவர் ஒரு குறுக்கு வழி காட்டினார். ஜியில் மோதிர விரல் இரண்டாம் கம்பியிலும், சுண்டுவிரல் முதல் கம்பியிலும், மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்கின்றன. அவை இரண்டையும் அசைக்கவே வேண்டாம். ஆறாம் கம்பியில் இருக்கும் நடுவிரலை ஐந்தாம் கம்பிக்கும், ஐந்தாம் கம்பியில் இருக்கும் சுட்டுவிரலை நான்காம் கம்பிக்கும் இறக்கினால் போதும். இரண்டு விரல்கள், ஒரே ஒரு கம்பி தூரம். "இதுவும் ஸி மாதிரிதான். பேரு ஸி ஆட் 9. ஸியைவிட ஸ்டைலா இருக்கும்" என்றார்.

இருந்தது! கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது போல ஒரு மினுமினுப்பு. அன்றிலிருந்து என் ஸி ஒழிந்தது. எங்கெல்லாம் ஸி என்று எழுதியிருந்ததோ அங்கெல்லாம் ஆட் 9தான். விரல் வேகம் கூடியது, பாட்டு தடங்கலில்லாமல் ஓடியது, என் தலையிலும் கொஞ்சம் கனம் ஏறியது. இப்படி மூன்று மாதம்.

பிறகு வந்தது பள்ளித் திருப்பலி. நன்றிப் பாடலுக்கு நான் கிடார். ஆறாம் வகுப்புச் சிறுமிகள் முன்வரிசையில், ஒன்பது பத்து வகுப்பு அக்காமார் பின்வரிசையில். பாட்டின் கடைசி அடி ரியில் சற்று நின்று, ஸவில் இறங்கி முடியும். ரிக்கு ஜி கார்டு, ஸவுக்கு ஸி கார்டு. நான் வழக்கம்போல இரண்டு விரல்களை நகர்த்தி ஆட் 9 வாசித்தேன். பின்வரிசை ஸவில் இறங்கியது. முன்வரிசை இறங்கவில்லை! குழந்தைகள் ரியிலேயே நின்றுகொண்டு, கண்ணை மூடி, நீட்டிப் பாடினார்கள். பின்வரிசை ஸவும் முன்வரிசை ரியும் என் கிடாரும் சேர்ந்து... அன்று ஆட் 9 கார்டை எங்கள் பாடகர் குழு முழுவதுமே பாடிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆர்மோனியம் வாசித்த சிஸ்டர் ஸவை அழுத்தி அழுத்தி ஒலித்தும் பயனில்லை. பீடத்தில் நின்ற ஃபாதர் மெல்லச் சிரித்தார். குழந்தைகளோ அந்தச் சிரிப்பைப் பாராட்டு என்று எண்ணி இன்னும் சிறிது நீட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு சிஸ்டர் என்னை நிறுத்தி வைத்தார்கள்.

"கடைசியிலே நீ வாசிச்சது ஸி இல்லையே. என்னது அது?"

"ஸி ஆட் 9, சிஸ்டர்." உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் ஒரு பெருமையோடுதான் சொன்னேன்.

"சரி. அந்த ஒன்பதைப் பாடு பார்ப்போம்."

ஆர்மோனியத்தில் ஸவைப் பிடித்துக் காட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். வந்தது காந்தாரம். "அது மூணு" என்றார்கள். மறுபடி முயன்றேன். பஞ்சமம் வந்தது. "அது அஞ்சு." மூன்றாம் முறை வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதமாக நாள் தவறாமல் வாசித்த ஒரு ஸ்வரம் எது என்று எனக்கே தெரியவில்லை! சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆர்மோனியத்தை மூடிவிட்டு, "குழந்தைகள் மேலே தப்பில்லை. உன் கிடார்லே மேலே என்ன கேட்டுதோ அதைத்தான் பாடினாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதுமுடித்த பிறகு, கிடாரை எடுத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. ஜி கார்டில் மேலே கேட்கும் இரண்டு ஸ்வரங்கள் டியும் ஜியும். நான் வாசித்த ஆட் 9இலும் மேலே கேட்கும் இரண்டு ஸ்வரங்கள் அதே டியும் ஜியும்தான். அடியில் மட்டும் கார்டு மாறியது, மேலே ஒன்றும் மாறவில்லை. மாறாமல் இருப்பதற்காகத்தானே அந்த இரண்டு விரல்களை அசைக்காமல் வைத்திருந்தேன்! டி என்பதுதான் அந்தப் பாட்டில் ரி. என் விரல் அங்கே உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தது. குழந்தைகளின் குரலும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

இனி அந்த ஒன்பது என்ன என்று பார்ப்போம். ஸியை ஒன்று என்று வைத்து ஸி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்று எண்ணினால் ஏழு. எட்டாவதாக மறுபடி ஸி. ஒன்பதாவது மேலே உள்ள டி. நம் கணக்கில் தாரஸ்தாயி ரிஷபம். சாதாரண ஸி கார்டு என்பது ஸ, க, ப என்னும் மூன்று. அதன் தலைமேல் மேல்ஸ்தாயி ரியை வைத்தால் ஆட் 9. பாட்டு வகுப்பில் மோகனம் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஸ ரி க ப த என்னும் அந்த ஐந்தில் தைவதம் ஒன்றைத் தவிர மற்ற நான்கும் இதில் இருக்கின்றன. கேட்டவுடன் நமக்கு இந்தக் கார்டு அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அதே ரியைக் கீழே, ஸவுக்குப் பக்கத்திலேயே வைத்தால் இரண்டு என்கிறோமே, மேலே வைத்தால் ஏன் ஒன்பது என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. பக்கத்தில் வைத்தால் இரண்டும் உரசும். மேலே தூக்கி வைத்தால் உரசல் போய் மினுக்கம் மட்டும் நிற்கும். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தால் சண்டை பிடிக்கும் அக்காளும் தங்கையும் எதிரெதிர் வீட்டு மாடியிலிருந்து கதை பேசும்போது எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்கள்!

பெயரிலும் கவனம் வேண்டும். வெறும் 'ஸி 9' என்றால் அது வேறு கார்டு. அதில் ஒன்பதோடு இறங்கிய ஏழாம் ஸ்வரமும் சேர்ந்திருக்கும், ஒலியில் ஒரு புளிப்பு இருக்கும். 'ஸஸ் 2' என்றால் அதுவும் வேறு. அதில் காந்தாரத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரியை உட்கார்த்துவார்கள். காந்தாரம் போனதால் அது மகிழ்ச்சியா துயரமா என்றே சொல்ல முடியாது. ஆட் 9இல் காந்தாரம் போகவில்லை. 'ஆட்' என்றால் கூட்டல். கூட்டுவதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? நான் கூட்டலைச் செய்யவில்லை, ஸியைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன் இடத்தில் இதை வைத்தேன்.

அந்த வாரம் முழுவதும் நான் செய்த பயிற்சியைச் சொல்கிறேன். இதற்கு இடக்கையே தேவையில்லை என்பதால் கிடார் தொட்டறியாதவர்களும் செய்யலாம். ஐந்தாம் கம்பியை எங்கும் அழுத்தாமல் தட்டுங்கள், அது ஏ. அதை ஸ என்று பாடுங்கள். பிறகு இரண்டாம் கம்பியை அழுத்தாமல் தட்டுங்கள், அது பி. ஏயிலிருந்து எண்ணினால் மிகச் சரியாக ஒன்பதாவது. ஒன்பதைக் கிடாரே தன் வெறுங்கம்பிகளில் வைத்துக்கொண்டிருக்கிறது! ஐந்தாம் கம்பி நொடிக்கு 110 முறை அதிர்கிறது. இரண்டாம் கம்பி ஏறத்தாழ 247 முறை. 110ஐ 4ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் 247½. அதாவது நான்குக்கு ஒன்பது. ஸ, க, ப, மேல் ரி என்னும் நான்கையும் சுத்தமாகப் பாடினால் அவற்றின் அதிர்வுகள் 4, 5, 6, 9 என்ற விகிதத்தில் நிற்கும். (கிடாரின் ஃப்ரெட்டுகள் எல்லாச் சுருதிக்கும் பொதுவாகப் போடப்பட்டவை, ஆகையால் காந்தாரம் அதில் ஒரு மயிரிழை கூடுதலாக ஒலிக்கும்.) எனக்கு இதைக் கண்டுபிடித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. இயற்பியல் புத்தகத்தில் அதிர்வெண் என்று நெட்டுருப் போட்டதெல்லாம் என் மடியில் கிடந்து ஒலித்துக்கொண்டிருந்ததே, அதுவரை ஏன் கேட்கவில்லை?

முதல் மூன்று நாள் ஸவிலிருந்து ஒன்பதுக்குத் தாவ முடியவில்லை. ஸ, க, ப, மேல் ஸ என்று படிப்படியாக ஏறி, அங்கிருந்து ஒரு படி கூடுதலாக ஏறித்தான் தொட்டேன். நான்காம் நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தானாக வந்தது. அம்மா கதவைத் தட்டி, "யார் கூடப் பேசுதே?" என்றார்கள்.

இனி வாதத்துக்கு வருவோம். பாட்டு வகுப்பில் சரளி வரிசையை முதலில் வாயால் பாடுகிறோம். வீணை கற்கும் நம் தோழிகளும் பாடிவிட்டுத்தான் தந்தியைத் தொடுகிறார்கள். கிடாருக்கு மட்டும் ஏன் இந்த வழக்கம் இல்லை? கிடார் நாகரிகக் கருவி, அதற்குத் தாளில் புள்ளி வைத்தால் போதும் என்று யார் சொன்னது? புள்ளி வைத்த தாள் விரலுக்கு வழி சொல்லும், காதுக்கு ஒன்றும் சொல்லாது. அந்தத் தாளில் எளிதான கார்டும் கடினமான கார்டும் ஒரே மாதிரிக் கட்டங்களாகத் தெரியும். எளிதானது எங்கே பொருந்தாது என்று அதில் எழுதியிருக்காது.

என் தோழி என்ன சொல்கிறாள் என்றால், "கேக்கிறவங்களுக்கு என்ன தெரியவா போகுது? நல்லா இருந்தா போதும்லா? இப்படி ஒவ்வொண்ணா பாடிட்டிருந்தா, பாதிப் பேரு கிடாரை வித்துட்டுப் போயிருவாங்க." அவள் சொல்வதன் பிற்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். முதல் நாளே ஸ்வரம் பாடு என்று உட்காரவைத்திருந்தால் நானும் ஓடியிருப்பேன். விரலில் காய்ப்பு ஏறும் வரை, இரண்டு பாட்டாவது வாசித்து வீட்டில் பேர் வாங்கும் வரை, எளிய வழிகள் இருக்கட்டும். ஆனால் முற்பகுதியை ஒப்பமாட்டேன். கேட்பவர்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்குப் பெயர் தெரியாது, ஒன்பது தெரியாது, ஆட் தெரியாது. ஆனாலும் அவர்கள் கேட்ட ஸ்வரத்தை அப்படியே பாடினார்கள். அன்று அந்தக் கூட்டத்திலேயே கேட்காதவள் கிடார் வாசித்தவள் ஒருத்திதான்.

"குரல் இல்லாதவள் என்ன செய்வாள்?" என்றும் கேட்கிறாள். குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்? என் குரலைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். வாய்க்குள் முனகினாலும் போதும், ஸ்வரம் சரியாக இருந்தால்.

இதனால் ஆட் 9 கார்டையே நான் வெறுத்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். இன்றும் எனக்கு மிகப் பிடித்த கார்டு அதுதான். வெளிநாட்டுப் பாடல்களைத் தேடிக் கேட்டதில் இரண்டு விதமான உதாரணங்கள் கிடைத்தன. 1983இல் 'தி போலீஸ்' என்ற இங்கிலாந்துக் குழு 'எவ்ரி பிரெத் யூ டேக்' என்ற பாடலை வெளியிட்டது. அதில் ஆண்டி சம்மர்ஸ் வாசிக்கும் கிடாரில் இந்த ஒன்பதைச் சேர்த்த கார்டுகள் நிறைய உண்டு. எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அடிப்பதில்லை, ஒவ்வொரு ஸ்வரமாகத் தனித்தனியே எடுத்து வைக்கிறார். அதை வாசிக்க இடக்கை விரல்களை நெடுந்தூரம் விரிக்க வேண்டும். நான் முயன்று இரண்டு நாள் கை வலித்து விட்டுவிட்டேன். சோம்பலுக்காக அந்தக் கார்டை அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் அந்த வலியிலேயே விளங்கியது.

மற்றொன்று 1995இல் 'ஓயாசிஸ்' குழு வெளியிட்ட 'வொண்டர்வால்'. இது என் வழக்கையே ஒரு விதத்தில் கெடுக்கிறது. அதில் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ என்னும் கவ்வியைப் பூட்டிவிட்டு, கேப்போவிலிருந்து எண்ணினால் மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரலும் சுண்டுவிரலும் அசையாமல் இருக்க, கீழே மட்டும் கார்டுகள் மாறுகின்றன. அவற்றில் நம் ஸி ஆட் 9ம் உண்டு. அதாவது நான் செய்த அதே காரியம்! ஆனால் அங்கே அது அழகாக இருக்கிறது. பல நாள் யோசித்த பிறகு எனக்குத் தோன்றியது இது: அங்கே மேலே மாறாமல் ஒலிக்கும் அந்த இரண்டு ஸ்வரங்கள் தம்புராவைப் போலச் சுருதி போடுகின்றன. பாட்டே அந்தச் சுருதியை நம்பிக் கட்டப்பட்டது. எங்கள் நன்றிப் பாடலோ இறங்கி வந்து முடிவதற்காகக் கட்டப்பட்டது. இறங்க வேண்டிய இடத்தில் நான் தம்புரா போட்டேன்.

ஆகவே நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது. தனியாக வாசிக்கும்போதும், பாட்டு நடுவில் ஒரு மூச்சு காத்திருக்கும்போதும், மெட்டே ரியில் நிற்கும்போதும் ஆட் 9. சிறுபிள்ளைகள் பாடும் பாட்டின் கடைசி அடியில் வெறும் ஸி. எஃப் ஆட் 9ஐ ஸிக்கு முன்னால் வைத்தால் வெகு அழகு. நான்கு மெல்லிய கம்பிகளில் மட்டும் வாசிக்கலாம். மைனரில் ஒன்பது வேறு கதை. அதில் ஒன்பதும் மைனர் மூன்றும் அரை ஸ்வர நெருக்கத்தில் வருவதால், ஏ மைனரில் வைத்து வாசித்தால் யாரோ கதவருகில் நின்று சொல்லாமல் போவது போல இருக்கும். அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், தமிழம்மா இடம் தரமாட்டார்கள்.

கோவிலில் கிடாரே கூடாது, ஆர்மோனியம்தான் சரி என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். ஆச்சியும் அந்தக் கட்சிதான். 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், குழல் ஆர்கனை உயர்வாக மதிக்கச் சொல்லிவிட்டு, வழிபாட்டுக்குப் பொருந்துகிற, அல்லது பொருந்தும்படி செய்யக்கூடிய மற்றக் கருவிகளையும் அனுமதிக்கலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆச்சியிடம் இதை ஒரு முறை சொன்னேன். "பொருந்தும்படி செய்யணும்னுதானே போட்டிருக்கு? அதை நீ செஞ்சியா?" என்றார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் செய்ய முயன்றேன். ஸியைப் புதிதாகக் கற்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஜியிலிருந்து ஸி, ஸியிலிருந்து ஜி என்று மாற்றினால் முதல் நாள் ஒரு நிமிடத்தில் 9 முறை வந்தது. மூன்றாம் வாரம் 31. அப்போது ஒன்று கண்டேன். முழு ஸி கார்டைப் பிடித்துக்கொண்டால் சுட்டுவிரல் இரண்டாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும். சுண்டுவிரல் சும்மா இருக்கும். அந்தச் சுண்டுவிரலை அதே இரண்டாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வைத்தால் ஆட் 9. எடுத்தால் ஸி. வைத்தால் ரி, எடுத்தால் ஸ! இதுதான் உண்மையான கூட்டல். ஸி கீழே காத்திருக்கிறது, ஒன்பது அதன்மேல் வந்து ஒரு கணம் நின்றுவிட்டுப் போகிறது.

நவம்பர் 14 குழந்தைகள் தின விழாவில் அதே நன்றிப் பாடல். அதே முன்வரிசை, அதே ஆறாம் வகுப்பு. சிஸ்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்மோனியத்தின் துருத்தியை மட்டும் சற்று இறுகப் பிடித்திருந்தார்கள். கடைசி அடி வந்தது. ஜி. பிறகு சுண்டுவிரலோடு ஸி. குழந்தைகள் ரியில் நின்றார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ஒரு தட்டு எண்ணினேன். சுண்டுவிரலை எடுத்தேன்.

எல்லோரும் இறங்கினார்கள். ஒரு குரல்கூடப் பின்தங்கவில்லை. முன்வரிசையில் இடது ஓரத்தில் நின்ற, முன்பல் இல்லாத சிறுமி மட்டும் திரும்பி என் விரலைப் பார்த்தாள்.

அதன் பிறகு பொதுத் தேர்வு வந்துவிட்டது. "பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடார் என்ன வேண்டிக் கிடக்கு?" என்று அம்மாவைக் கேட்காத உறவினர் இல்லை. தம்பிக்கு அவன் பத்தாம் வகுப்பு வரும்போது கிரிக்கெட் மட்டை பீரோவுக்கு மேலே போகுமா என்று பார்க்கத்தான் போகிறேன். இப்போதைக்குக் கிடார் பீரோவுக்கு மேலே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், கம்பியைத் துடைக்க என்று சொல்லிக் கீழே இறக்கிக்கொள்ள அனுமதி. துடைக்கும்போது துணி ஐந்தாம் கம்பியில் படும், பிறகு இரண்டாம் கம்பியில் படும். நான் வாயைத் திறப்பதில்லை. அடுக்களையிலிருந்து ஆச்சிதான் இப்போதெல்லாம் அந்த மேல் ரியை முனகுகிறார்கள்.